போனில் இருந்த அவிய

எனக்கும் ஒரு சக்களத்தி இருந்தாள். அவளை நான் பார்த்தது கிடையாது. என்ன வயது, கறுப்பா சிவப்பா, கல்யாணம் ஆனவளா ஆகாதவளா, எதுவும் தெரியாது. அவள் இருந்தது சென்னையில், நாங்கள் இருந்தது கோவில்பட்டியில். வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை பிற்பகல், சங்க ஆபீஸ் போனில் என் வீட்டுக்காரரோடு பேசுவாள். இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவை வைத்துக்கொண்டு நான் பட்ட எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

செல்போன் எங்கள் தெருவுக்கு வந்து சேராத காலம் அது. அவர் நூல் மில்லில் ரிங் பிரேம் மெஷின் பார்த்தார். நான் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கினேன். தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகப் பதிக்கிற வேலை. பிள்ளை இல்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம். மாமியார் காலமாகி வெகுநாள் ஆகியிருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர், மூன்றாவதாகப் பிராந்தி பாட்டில். பஞ்சுத் தூசி தொண்டையில் ஒட்டிக்கொள்கிறது, ஒரு கட்டிங் ஊற்றினால்தான் இறங்குகிறது என்று ஆரம்பித்தார். எனக்கும்தான் மருந்து நெடி மூக்கில் ஏறியது, நான் எதை ஊற்றி இறக்கினேன் என்று கேட்டால் பதில் வராது. ஷிப்ட் முடிந்து குடித்தவர், பிறகு ஷிப்டுக்கு முன்னால் குடித்தார், அதற்கும் பிறகு ஷிப்டுக்கே போகாமல் குடித்தார்.

நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. சண்டை போட்டேன். பேசாமல் இருந்தேன். பட்டினி கிடந்தேன். திருச்செந்தூருக்கு வேண்டிக்கொண்டு நடந்தே போனேன். கோபித்துக்கொண்டு எப்போதும்வென்றானில் இருக்கிற அம்மா வீட்டுக்கும் பலமுறை போயிருக்கிறேன். ஊருக்குத்தான் அந்தப் பெயர், அங்கேயிருந்து நான் ஒரு தடவையும் ஜெயித்துத் திரும்பியதில்லை. அவர் வந்து கூப்பிடவும் மாட்டார். நானே பஸ் ஏறி வந்து, பூட்டிக் கிடக்கிற வீட்டைத் திறந்து, அடுப்பைப் பற்ற வைப்பேன்.

கடைசியில் மில்லில் சார்ஜ் ஷீட் கொடுத்துவிட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் நின்ற நாட்கள், ஓடுகிற மெஷின் பக்கத்தில் தள்ளாடியது, எல்லாம் அதில் இருந்தது. இன்னொரு தடவை குடித்துவிட்டு வந்தால் வேலை கிடையாது. எங்கள் சங்கச் செயலாளர் அண்ணாச்சி நல்ல மனுஷர், வாய்தான் சவுக்கு. குடியால் வேலை இழக்கிறவர்களுக்காக மில் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்துவதில் பிரயோஜனமில்லை என்று சங்கத்தின் மேலிடத்தில் பேசி, சென்னையில் ஒரு மனநல சிகிச்சை நிலையத்தோடு ஏற்பாடு செய்திருந்தார். முதலில் மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து குடியை நிறுத்த வேண்டும். ஊருக்குத் திரும்பிய பின் வாராவாரம் சென்னையிலிருந்து போனில் பேசுவார்கள். ஷிப்ட் வேலைக்காரன் வாராவாரம் சென்னைக்குப் போக முடியாது, போன் போகும். தொழிலாளிகள் இதற்குப் போன் வைத்தியம் என்று பெயர் வைத்தார்கள்.

அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. “சங்கம் உமக்காகப் பேசும் வேய். ஆனா நீரும் போன்ல பேசணும். நீரு பேச்ச நிறுத்துன அன்னைக்கு நாங்களும் நிறுத்திருவோம்.”

மதுரை ஆஸ்பத்திரியில் அவர் கூட இருந்தது நான்தான். கை கால் நடுங்கி, வேர்த்து, சுவரில் பூச்சி ஓடுகிறது என்று அவர் கத்தியபோது பிடித்துக்கொண்டது நான். வாந்தியைத் துடைத்தது நான். கட்டிலுக்குக் கீழே தரையில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தது நான். இதையெல்லாம் இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், ஊர் திரும்பியதும் பெயரைத் தட்டிக்கொண்டு போனது வேறு ஆள்.

முதல் வியாழக்கிழமை அவர் சங்க ஆபீசுக்குப் போனதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வியாழன் அவருக்கு வாராந்திர லீவு. போனார், வந்தார். மூன்றாவது நான்காவது வாரத்தில்தான் கவனித்தேன். காலையிலேயே ஷேவிங் செய்துகொண்டார். குளித்தார். பவுடர் போட்டார். இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து உதறி மாட்டினார். போன்ல மொகம் தெரியவா போவுது என்று கேட்டேன். கண்ணாடியைப் பார்த்தபடியே, மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்லா என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் தங்கை கல்யாணத்துக்கு அவர் மில் சட்டையோடு வந்து நின்றவர்.

அதற்குப் பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் அவிய சொன்னாவ, அவிய சொன்னாவதான். சாயங்காலம் வயிறு காலியாக இருந்தால்தான் குடிக்கிற எண்ணம் வருமாம், அதனால் அதற்கு முன்பே ஏதாவது சாப்பிட வேண்டுமாம், அவிய சொன்னாவ. இத்தனை வருஷமாக நான் தட்டைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்ன தவமா? அது காதில் ஏறவில்லை. கம்பி வழியாக வந்தால் ஏறுகிறது. அவிய சொன்னார்கள் என்று சட்டைப் பையில் கடலை மிட்டாய் வாங்கி வைத்துக்கொண்டார். நினைப்பு வரும்போது ஒரு துண்டை எடுத்து வாயில் போடுவார். முன்பு பாட்டில் இருந்த அதே பை. கடை இருக்கிற தெரு வழியாக வராமல் சுற்றி வந்தார், அதுவும் அவிய சொன்னதுதான். அவர் வாயில் இருந்து கருப்பட்டி வாசமும் கடலை வாசமும் வந்தபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது. கூடவே வயிற்றெரிச்சலும் வந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை.

இந்த ‘அவிய’ என்ற சொல்லைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மரியாதைக்குரிய ஒருவரை அவர் என்று சொல்வதில்லை, அவிய என்போம். ஆணா பெண்ணா என்று அது காட்டிக்கொடுக்காது. மாமனார் அவிய, மாமியார் அவிய, வாத்தியார் அவிய, மில் மேனேஜர் அவிய. பெண்சாதிக்குப் புருஷன் அவிய. புருஷனுக்குப் பெண்சாதி மட்டும் அவிய கிடையாது. அவ, இவ, வீட்டுல, கூப்பிட வேண்டுமென்றால் ஏட்டி. என் வீட்டுக்காரர் என்னை எத்தனையோ விதமாகக் குறிப்பிட்டுக் கேட்டிருக்கிறேன், போதையில் சொன்னதை எழுதவும் முடியாது. அவிய என்று சொல்லிக் கேட்டதில்லை. முகம் தெரியாத ஒரு ஆளுக்கு அது வாராவாரம் கிடைத்தது.

பேசுதவிய ஆம்பளையா பொம்பளையா என்று ஒரு நாள் நேராகவே கேட்டேன். “அவிய அவியதான். வைத்தியத்துல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன” என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். பொம்பளைதான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்தது போதாதென்று உறுதி செய்துகொள்ளவும் ஆசை வந்தது. அந்த நம்பரைச் சங்க ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒட்டியிருந்தார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் எஸ்.டி.டி பூத்தில் நுழைந்து போட்டேன். மணி அடித்தது. “வணக்கம், சொல்லுங்க” என்று ஒரு பெண் குரல். நான் ஒன்றும் பேசவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்திருப்பார்கள். அவள் அவசரப்படவில்லை. “பேசணும்னு தோணும்போது பேசுங்க, நான் இருக்கேன்” என்றாள். அந்தக் குரலுக்கு அடுப்பில் எதுவும் தீயவில்லை, வாசலில் யாரும் கத்தவில்லை, காலையில் ஆபீஸ் வேனைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை. அப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு யார்தான் நன்றாகப் பேச மாட்டார்கள்? அந்த நிலையத்தில் எத்தனை பேர் வேலை பார்த்தார்களோ, நான் இவள்தான் அவள் என்று முடிவு செய்துகொண்டேன். கோபத்தில் ரிசீவரைக் கொஞ்சம் பலமாகவே வைத்துவிட்டேன். பூத்துக்காரர் முறைத்தார்.

அடுத்த வியாழக்கிழமை மத்தியானமே ஆபீசில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தலைவலி என்று சொன்னேன், பொய்யும் இல்லை. சங்க ஆபீஸ் ஒரு கடைக்கு மாடியில் இருந்தது. போன் பேசுகிறவர்களுக்காக மூலையில் பிளைவுட் பலகையால் ஒரு தடுப்பு அடித்திருந்தார்கள். படியேறும்போதே அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. கொடிக்கம்புகள் சாத்தியிருந்த இடத்தில் நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்தச் சிரிப்பு எங்கள் கல்யாணத்துக்குப் பிந்திய முதல் வருஷத்தில் கேட்டது. தொலைந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தொலையவில்லை, வேறு இடத்தில் செலவாகியிருக்கிறது.

அண்ணாச்சி என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். உள்ளே போகக் கூடாது, பொண்டாட்டியானாலும் இந்த நேரம் அவருக்கு மட்டும்தான், அதுதான் ஏற்பாடு என்று தணிந்த குரலில் சொல்லி, பெஞ்சில் உட்கார வைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தார். சவுக்கு வாயிலிருந்து அத்தனை மெதுவாக வந்தது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கி அவர் குரல் தாழ்ந்தது. “அவிய மொகத்தப் பாத்தா எனக்குப் பேச்சே வர மாட்டங்கு” என்று சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. மேனேஜரைச் சொல்கிறார் என்று நினைத்தேன். சார்ஜ் ஷீட் கொடுத்தவர் முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் பேச்சு வரும்? காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

தெருவிலும் அதே பேச்சுதான். போன்ல பேசியே சரி பண்ணிட்டாங்களாமே என்று தீப்பெட்டி ஆபீசில் பக்கத்தில் உட்காருகிற மதினி ஆச்சரியப்பட்டாள். சங்கக் கூட்டத்தில் அண்ணாச்சி சென்னை நிலையத்துக்கு நன்றி சொன்னாராம், மேலிடத்துக்கு நன்றி சொன்னாராம், கடைசியில் டெலிபோன் கண்டுபிடித்த வெள்ளைக்காரனுக்கும் நன்றி சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாராம். தரையில் துண்டு விரித்துப் படுத்தவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மதினியிடம் சொன்னேன், எனக்கும் ஒரு போன் கனெக்‌ஷன் இருந்தால் நானும் பெரிய டாக்டர்தான் என்று. அவள் குச்சிகளைச் சிந்திவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கரிசல் மண்ணில் நட்ட எந்தப் போஸ்டும் நேராக நிற்பதில்லை. கோடையில் மண் வெடித்துப் பிடியை விடும், மழையில் உப்பித் தள்ளும். சங்க ஆபீஸ் தெருவில் இரண்டு போஸ்ட் சாய்ந்து, குழிக்குள் இருந்த கேபிளில் தண்ணீர் இறங்கி, அந்த வட்டாரத்துக்கே லைன் செத்துப் போயிற்று. வியாழக்கிழமை இஸ்திரிச் சட்டையோடு போனவர் உடனே திரும்பி வந்தார். லைன் டெட்டாம் என்றார். அட பாவமே என்றேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி. அன்று அவருக்குப் பிடித்த புளிக்குழம்பு வைத்தேன். போன் பேச விடாத போஸ்டுக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

அடுத்த வாரமும் லைன் வரவில்லை. மழை விட்டால் பார்ப்போம் என்றார்களாம். அவர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பூத்துக்குப் போய்ப் பார்த்தார். வெளியே வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் மில் ஆட்கள். கண்ணாடிக்கு உள்ளே நின்றுகொண்டு, எனக்கு இன்னைக்குக் குடிக்கணும் போல இருக்கு என்று எப்படிச் சொல்வார்? நம்பரைப் போடாமலே வெளியே வந்துவிட்டாராம். அதற்குப் பிறகு முகம் மாறிவிட்டது. சட்டைப் பையில் கடலை மிட்டாய் இல்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துகொண்டார். சுற்று வழியில் வந்துகொண்டிருந்தவர் கடைத்தெரு வழியாகவே வருகிறார் என்று மதினி வந்து சொன்னாள்.

என்னுடைய முறை வந்துவிட்டது என்று நினைத்தேன். அவரை உட்கார வைத்து, எதிரே நானும் உட்கார்ந்தேன். அந்தக் குரலை நினைவில் வைத்துக்கொண்டு, அதைப் போலவே மெதுவாக, அவசரமில்லாமல் கேட்டேன். “மனசுல என்ன இருக்கோ என்கிட்ட சொல்லுங்க. நான் இருக்கேன்லா.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். “ஒன்கிட்ட என்னத்தச் சொல்ல” என்றார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார்.

அந்த மூன்று வார்த்தையை என்னால் மறக்க முடியாது. அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். அவளிடம் சொல்ல ஒரு மணி நேரத்துக்கு இருக்கிறது, என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. பின்னாலேயே போனேன். பிராந்திக் கடைக்கு எதிர்ச்சாரியில், பூட்டின ஒரு கடையின் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகவில்லை. அங்கிருந்து வரவும் இல்லை. செருப்பில் களிமண் அப்பி, நின்ற இடத்திலேயே நட்டுவைத்த மாதிரி நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.  எனக்கு அவள் மேல் இருந்த பொறாமை அப்படியேதான் இருந்தது. ஆனால் இந்த மனுஷன் இன்று அந்தக் கடைக்குள் போனால் மில் போகும், சங்கம் போகும், மதுரையில் நான் படுத்துக் கிடந்தது எல்லாம் போகும் என்று தெரிந்தது. யார் பெயர் தட்டிக்கொண்டு போனால் என்ன, ஆள் மிஞ்சினால் போதும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் அவரை மில்லில் லீவு சொல்ல வைத்து எட்டயபுரம் பஸ்ஸில் ஏற்றினேன். எங்கே போகிறோம் என்று கேட்டார். உங்க அவியகிட்டப் பேசத்தான் என்றேன். அந்த ஊரில் எங்களை யாருக்கும் தெரியாது, மில் ஆட்களும் கிடையாது. பஸ் ஸ்டாண்டை விட்டுத் தள்ளி ஒரு பூத், காத்திருக்க ஆளே இல்லை. நம்பரை நான்தான் போட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். எனக்கு எப்படி மனப்பாடம் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மணி அடித்ததும் ரிசீவரை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சக்களத்தியிடம் புருஷனைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். சத்தம் வரவில்லை, முகம் மட்டும். முதலில் தலையை ஆட்டினார். பிறகு நிறையப் பேசினார். துண்டால் கண்ணைத் துடைத்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முதுகை நான் அப்போது வெறுத்தேன். வெகு நேரத்துக்குப் பிறகு கதவைத் திறந்து, “அவிய ஒன்கிட்டப் பேசணுமாம்” என்றார்.

ரிசீவர் சூடாக இருந்தது. அதே குரல்தான்.

“வணக்கம்மா. உங்ககிட்ட பேசலாமான்னு அவர்கிட்ட கேட்டேன், சரின்னார். இன்னிக்கு அவரை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தது நீங்கதானாமே. ரொம்ப நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க. உங்க வீட்ல அந்தப் பெரியவங்களும் கூட வந்திருக்காங்களா?”

எந்தப் பெரியவிய என்று கேட்டேன்.

“அவர் எப்பவும் சொல்வாரே, அவிய, அவியன்னு. அவரோட அம்மாவா, உங்க அம்மாவான்னு எனக்கு இன்னும் பிடிபடலை. கேட்டா வெட்கப்பட்டுக்கிட்டு பேச்சை மாத்திடறார். ஆனா எனக்கு ஒண்ணு தெரியுதும்மா, குடிக்காம இருக்கிறதே அவங்களுக்காகத்தான்.”

 ஒருத்தி போதாதென்று இன்னொருத்தியா? அவர் அம்மா செத்து எத்தனை வருஷம் ஆயிற்று, என் அம்மாவைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அந்த அவிய எந்தத் தெரு, என்ன செய்கிறாள் என்று கேட்டேன். என் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொன்னாள்.

“இந்த வயசுலயும் தீப்பெட்டி கம்பெனிக்கு வேலைக்குப் போறாங்களாமே. மதுரைல ஆஸ்பத்திரில இவர் கட்டிலுக்குக் கீழே தரையிலயே படுத்திருந்தாங்களாம். அவங்க முகத்தைப் பார்த்தா பண்ணின தப்பெல்லாம் ஞாபகம் வந்து பேச்சே வராதுன்னு சொல்வார். அவங்களை அப்படி படுக்க வெச்சதுதான் அவருக்குத் தாங்கலை.”

பூத் மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. எங்க வீட்டுல பெரியவிய யாரும் இல்லம்மா, நாங்க ரெண்டு பேருதான் என்றேன்.

அந்தப் பக்கம் காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள், “அப்போ அவிய நீங்கதானாம்மா?” என்றாள்.

ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னைக் கேட்டால் நான் எப்படிச் சொல்வேன்? அவள்தான் அந்த அவியளைப் பற்றி வாராவாரம் கேட்டவள். நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ரிசீவரை இந்தத் தடவை மெதுவாக வைத்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு இதையே போட்டு உழப்பிக்கொண்டு வந்தேன். முதலில் மனசு குளிர்ந்தது உண்மை. எட்டயபுரம் எல்லை தாண்டுவதற்குள் பழைய புத்தி வந்துவிட்டது. படித்த பெண்ணிடம் பேசுகிறோமே, பொண்டாட்டியை அவ இவ என்று சொன்னால் என்ன நினைப்பாளோ என்றுதான் மரியாதை வந்திருக்கும். அவளுக்காக உடுத்தின இஸ்திரிச் சட்டை மாதிரி, அவளுக்காகவே எனக்கும் ஒரு அவிய. அப்படிப் பார்த்தால் அதுவும் அவள் சொத்துதான். என் பொறாமை அவளை விட்டு இறங்கி, அந்த அவிய மேல் ஏறிக்கொண்டது. போனுக்குள்ளே ஒருத்தி இருக்கிறாள், அவள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள், ஆஸ்பத்திரித் தரையில் படுக்கிறாள், அவளுக்குத்தான் எல்லா மரியாதையும். வீட்டில் இருக்கிற எனக்கு?

பக்கத்தில் இருந்தவர், “ஏட்டி, தள்ளி உக்காரு, சாரல் அடிக்குது” என்றார்.

அவியளா இருந்தா எப்படிச் சொல்லியிருப்பீங்க என்று கேட்டேன். காது கேட்காத மாதிரி எதிரே பார்த்துக்கொண்டு வந்தார். முகம் கழுத்து வரை சிவந்திருந்தது. ஊர் வந்து இறங்கியதும் ஒரு கடையில் நின்று கடலை மிட்டாய் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு துண்டை உடைத்து என் கையிலும் வைத்தார்.

மழை விட்டு லைன் வந்தது. அவர் வியாழக்கிழமைகளில் பேசிக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை. சார்ஜ் ஷீட்டைச் சங்கம் பேசி ஒரு எச்சரிக்கையோடு முடித்தது. வீட்டில் நான் ஏட்டிதான். போனில் நான் என்னவென்று கேட்கவில்லை, ஆனால் அவர் படியிறங்கும்போது, அவியளக் கேட்டதாச் சொல்லுங்க என்று குத்தாமல் விட்டதில்லை. அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

பருத்திக் காய் வெடிக்கிற சமயத்தில் ஒரு சாயங்காலம், நான் பின்பக்கம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் அண்ணாச்சி குரல் கேட்டது. சென்னை நிலையத்துக்காரர்கள் கோவில்பட்டிக்கே வருகிறார்கள், சங்கத்தில் கூட்டம் போடப் போகிறோம், இன்னும் குடித்துக்கொண்டிருக்கிற ஆட்கள் நாலு பேர் திருந்த வேண்டும், நீர் எழுந்து உம்ம கதையைச் சொல்ல வேண்டும் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் கை நின்றுவிட்டது. அவள் வரப் போகிறாள்.

 என் வீட்டுக்காரர் சொன்னது காதில் விழுந்தது. “என் கதை மட்டுமா அது. அவிய வரட்டும் அண்ணாச்சி. அவியளக் கேக்காம நான் ஒண்ணும் சொல்ல ஏலாது.”

வரட்டுமா? கூட்டத்துக்கு இல்லை, இப்போதே, இங்கேயேவா? அப்படியானால் அண்ணாச்சி அவளைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார், தெருமுனையில் காரில் இருப்பாள். நான் சாம்பல் கையோடு, ஏற்றிச் செருகிய சேலையோடு நிற்கிறேன். அந்தக் கோலத்தில் அவள் முன்னால் நான் போவதாக இல்லை. கையைக் கழுவினேன். முகத்தைக் கழுவினேன். பெட்டியைத் திறந்து தங்கை கல்யாணத்துக்குக் கட்டின பட்டை எடுத்துச் சுற்றினேன். தலையை அழுத்திச் சீவி, அவருடைய பவுடரையே எடுத்துப் போட்டுக்கொண்டேன். வந்து பார்க்கட்டும், நான் ஒன்றும் குறைந்தவள் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்பக்கம் வந்தேன்.

நாற்காலியில் அண்ணாச்சி மட்டும்தான் இருந்தார். வாசலைப் பார்த்தேன். எட்டித் தெருவைப் பார்த்தேன். கார் இல்லை, ஆளும் இல்லை.

“எங்க, அவிய வரலையா?” என்று கேட்டேன்.

அண்ணாச்சி என் பட்டுச் சேலையைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் விழித்தார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்தாச்சு” என்றார்.